சாதாளைக்கு நட்ட பலகை

கடற்புல் காக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்று உங்கள் கந்தோரிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். முதலில் ஒரு திருத்தம். நான் ஓய்வு பெறவில்லை. அவர்களாகத் தந்தார்கள், ஒரு சுவர் மணிக்கூட்டோடு சேர்த்து. மணிக்கூடு நின்றுவிட்டது, நான் இன்னும் நடக்கிறேன்.

இன்னொன்று, நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து எனக்கு நண்டு பொறுக்குவது போல. ஒன்றைப் பிடித்துச் சட்டியில் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடுவதற்குள் முதலாவது விளிம்பில் ஏறி நிற்கும். அவசரப்படுகிறவர்கள் இதை வைத்துவிட்டு உங்கள் போனைப் பார்க்கலாம், நான் கோபிக்க மாட்டேன். மற்றவர்கள் இருங்கள்.

கயிறு போட்டுப் புல் அளப்பது, படம் பிடிப்பது எல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப் போவது ஒரு பலகையைப் பற்றி. அது எந்த வகுப்பிலும் வராது, ஏனென்றால் அறிக்கையில் அது வேறு மாதிரி இருக்கிறது.

சண்டை முடிந்து, நாங்கள் இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த காலம். எங்கள் ஊர் தலைமன்னாருக்கு இந்தப் பக்கம், கடற்கரையோடு. ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது. என் வளவு மட்டும் நேவி முகாமின் வேலிக்குள் போயிருந்தது. வெளியே நின்று பார்த்தால் கிணறும் முருங்கையும் தெரியும். முருங்கைக்காயை ஒருவரும் பிடுங்காமல் முற்றவிட்டிருந்தார்கள். காணியைப் பிடித்ததைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பேன்.

விதானையாரிடம், எங்கள் கிராம அலுவலரிடம், போனேன்.

“காணி உங்கடைதான் அம்மா. ஆர் இல்லையெண்டது? உள்ளுக்குப் போகத்தான் ஏலாது,” என்றார்.

“அப்ப வீட்டுத்திட்டத்திலை ஒரு வீடு?”

“அது சொந்தக் காணியிலை குடியிருக்கிற ஆக்களுக்கு.”

“வேலிக்கு வெளியாலை நிண்டுகொண்டு காணிக்கை எப்பிடி ஐயா குடியிருக்கிறது?”

“அதைத்தான் நானும் மேலை கேட்டிருக்கிறன்,” என்று சொல்லி மேலே பார்த்தார். மேலே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆகவே என் மனிசன் சவிரியும் நானும் அவருடைய தங்கை பிலோமினாவின் வளவில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். மச்சாள் நல்லவர். ஆனால் ஒரு குசினிக்குள் இரண்டு அகப்பை இருந்தால் கறி எப்போதும் மற்றவளுடைய உப்பில்தான் இருக்கும். அவர் எங்களோடு இந்தியாவுக்கு வந்தவரல்ல. வன்னிக்குள் போய், சண்டை முடியும் மட்டும் அங்கே நின்று, மகனை அங்கே விட்டுவிட்டு வந்தவர். நாங்கள் முகாமில் கியூவில் நின்ற கதையைச் சொல்லத் தொடங்கினால் அவர் எழுந்து முற்றம் கூட்டப் போய்விடுவார். 

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நான் திறந்து நான் பூட்டுகிற ஒரு கதவு. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

அந்த நேரம்தான் திட்டம் வந்தது. உங்களுக்கு இப்போது சம்பளம் தருகிற திட்டமல்ல, அதற்கு முந்தியது. கொழும்பிலிருந்து ஜீப்பில் ஒரு சேர் வந்தார். நல்ல பிள்ளை. வெயிலில் சிவப்பாகும், பசித்தால் சொல்லத் தெரியாது. கடலுக்கடியில் வளரும் சாதாளையைக் காக்கவேண்டும், அதில்தான் மீன் குஞ்சு வளர்கிறது, அதைத்தான் கடற்பன்றி, நீங்கள் கடற்பசு என்பது, மேய்கிறது என்று விளக்கினார். அதற்கு அவர் கடற்புல் என்று சொன்னார். நாங்கள் சாதாளை என்றோம். அவர் குறித்துக்கொண்டு மறுபடியும் கடற்புல் என்றார். கடற்பன்றியைக் கண்டிருக்கிறீர்களா என்று என்னிடம் கேட்டார். கண்டிருக்கிறேன் என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சட்டிக்குள் என்று சொல்லவேண்டி வந்திருக்கும். அப்போது நான் சின்னப் பிள்ளை, சட்டமும் சின்னது.

என் குரல் கரையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கேட்கும் என்பதால் வேலை எனக்குக் கிடைத்தது. வலையைச் சாதாளையில் போட்டு இழுக்காதேயுங்கோ என்று பெண்களிடமும் ஆண்களிடமும் சொல்வது வேலை. இதற்குப் பெயர் விழிப்புணர்வு.

“அக்கரையிலை இருந்து பெரிய இழுவைப் படகு வந்தால் என்ன செய்யிறது சேர்?” என்று சவிரி கேட்டார். அக்கரை என்றால் இந்தியா.

சேர் யோசித்தார். “அவர்களுக்கும் விழிப்புணர்வு ஏற்படுத்தலாம்,” என்றார்.

சவிரி என்னைப் பார்த்தார். “உன்ரை குரல் காணும்,” என்றார்.

பிறகு வள்ளம் வந்தது. இயந்திரச் சத்தம் கடற்பன்றிக்கு ஆகாது என்று, காவலுக்குப் பாய்வள்ளம் தருவதாக முடிவாகியிருந்தது. வெளிநாட்டில் யாரோ படத்தில் பார்த்து விரும்பிய வள்ளம். புதுச் சாயம், புதுப் பாய், மூன்று பேர் காலை நீட்டிப் படுக்க இடம். ஊரில் எல்லோரும் இயந்திரம் கேட்டு விதானையார் கந்தோரில் நிற்க, எங்களுக்கு மட்டும் எங்கள் பாட்டன் காலத்துச் சாமான் புதிதாகக் கிடைத்தது. சவிரி அதைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். அன்றிரவு சாப்பிடும்போது உப்பைப் பற்றி மச்சாளுக்கும் எனக்கும் இரண்டு வார்த்தை வந்தது. சவிரி கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

“நாங்கள் வள்ளத்திலை போய் இருப்பம்.”

“எங்கை?”

“கடலிலை. அங்கை வேலி இல்லை, விதானையும் இல்லை.”

பைத்தியம் என்றுதான் நினைத்தேன். காலையில் எழும்பியபோது அந்த வள்ளத்தில் எங்கே கதவு வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சேரிடம் சொன்னோம். சாதாளைக்குமேல் நங்கூரம் போடாமல் பக்கத்து மணலில் போட்டு, வள்ளத்திலேயே இருந்து இரவு பகலாகக் காவல் பார்க்கிறோம் என்று. சேருக்குக் கண் கலங்கிவிட்டது. “கடலில் வாழும் காவலர்கள்,” என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். எங்களுக்கு வீடு இல்லை என்பதை அவர் கேட்காமலில்லை. ஆனால் அந்த வசனம் அதைவிட வடிவாக இருந்தது.

அன்று தொடங்கி, காலையில் சாதாளை, பின்னேரம் வள்ளம். காலையில் வற்று நேரத்தில் முழங்காலளவு தண்ணீரில் நின்று தொண்டை கிழியச் சொல்வேன். பின்னேரம் சவிரியோடு சேர்ந்து வள்ளத்தைக் குடித்தனத்துக்கு ஆயத்தப்படுத்துவேன். நடுவில் கிடுகால் ஒரு கூடாரம். மரப்பெட்டியில் மணல் நிரப்பி அதன்மேல் அடுப்பு. தண்ணீருக்கு நீலப் பீப்பாய். அரிசிக்கு மூடியுள்ள வாளி. வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், அந்தோனியார் படம், அவர் முகத்தைக் கரைப்பக்கம் திருப்பி வைத்தேன், யாராவது ஒருவர் வளவைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று. இரண்டு கோழிக்குக் கூடை. கூடாரத்துக்குப் பழைய அலுமாரிக் கதவு ஒன்று, கொண்டியோடு. அந்தக் கொண்டியை நான் எத்தனை தரம் போட்டுத் திறந்திருப்பேன் என்று சவிரியைக் கேட்டால் சொல்வார்.

கக்கூஸ் விசயத்தில்தான் தடை வந்தது. கடலில் கழிக்கக்கூடாது, கடற்புல் மாசுபடும் என்றார் சேர்.

“கடற்பன்றி எங்கை சேர் போகுது?” என்று கேட்டேன்.

“அது இயற்கை அம்மா.”

“அப்ப நாங்கள்?”

அதற்கு அவர் ஒரு மூடியுள்ள வாளியும் சுண்ணாம்பும் வாங்கித் தந்தார். பிள்ளைகளே, பெரிய பெரிய சொல்லெல்லாம் பேசிக்கொண்டு வேலைக்கு வருகிறீர்கள். கடைசியில் எல்லாத் திட்டமும் ஒரு வாளியில் வந்து நிற்கும்.

இப்படி நாங்கள் சாமான் ஏற்றிக்கொண்டிருக்க, ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அடம்பனிலிருந்து பஸ்ஸில் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்கிய அன்று மச்சாள் வந்து வள்ளத்தருகே நின்றார்.

“மச்சாள், உது எத்தினை பேருக்குக் காணும்?”

“ஏன், ரெண்டு பேருக்குத்தான்.”

“தண்ணிப் பீப்பாய்?”

“அதுவும்தான்.”

“எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமலே போவியள் போல,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உப்புக் கோபம் என்று நினைத்தேன். மன்னாரில் பிறந்து வளர்ந்த எனக்கு, பாய்வள்ளத்தில் அரிசியும் தண்ணீரும் சாமிப்படமும் ஏறினால் அதற்கு ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான் என்பது அந்த நேரம் ஓடவில்லை. நாங்களே அப்படித்தான் ஒருமுறை இந்தியாவுக்குப் போனோம், அந்தோனியாரையும் ஏற்றிக்கொண்டு. ஆனால் என் தலைக்குள் அப்போது கதவும் கொண்டியும்தான் இருந்தன.

பலகை ஒரு பின்னேரம் வந்தது. மன்னார் ரவுணில் எழுதுவித்து, ஜீப்பின் மேல் கட்டிக் கொண்டுவந்தார் சேர். நட வேண்டிய இடம் நேவி வேலிக்குப் பக்கத்தில் என்பதால் முகாமில் அனுமதி கேட்டிருக்கிறார். அவர்கள் அனுமதி தந்ததோடு நிற்காமல், பாவம் இந்த ஆள் பலகைக் காலுக்குத் தனியாகக் கிடங்கு கிண்டுகிறாரே என்று இரண்டு பேரை மண்வெட்டியோடு அனுப்பினார்கள். நல்ல மனம். அந்த நல்ல மனம்தான் கெடுத்தது. சீருடை போட்ட இரண்டு பேர் கரையில் பலகை நடுகிறார்கள். ஊர் முழுக்கக் கதவிடுக்கால் பார்க்கிறது.

சேர் படம் எடுத்துக்கொண்டு போனபின் பெண்கள் மெல்ல வந்து கூடினார்கள். என்னை முன்னுக்கு விட்டார்கள், திட்டத்து ஆள் நான்தானே.

“அக்கா, என்ன போட்டிருக்கு? வாசியுங்கோ.”

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். மேலே திட்டத்தின் முத்திரை. அதற்குக் கீழே ‘கடற்புல்’ என்பதை எழுதுகிறவன் இடம் போதாமல் எறும்பளவில் எழுதியிருந்தான். அதை நான் கடைசிக்கு விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிந்த பெரிய எழுத்தில் தொடங்கினேன்.

“பா... து... கா...”

பின்னால் ஒருத்தி மூச்சை இழுத்தாள்.

“...ப்பு. பாதுகாப்பு. வ... ல...”

“காணும் அக்கா,” என்று யாரோ சொன்னார்கள்.

நான் தொடங்கியதை இடையில் விடுகிறவளல்ல. “...யம். வலயம்,” என்று முடித்துத் திரும்பினால், நிற்பது நானும் ஒரு நாயும். எறும்பெழுத்தை நாய்க்கு வாசித்துக் காட்டவேண்டியதாயிற்று. இதில் என் பிழை ஒன்றும் இல்லை. சின்ன எழுத்தில் எழுதியவனைக் கேளுங்கள்.

உங்களுக்கு அந்தச் சொல் ஒரு வேலைச் சொல். எங்களுக்கு அது வேறு இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த சொல். என் வளவு வேலிக்குள் போனபோது அந்த வேலியில் தொங்கியது அந்தச் சொல்தான், முன்னால் ‘உயர்’ என்று ஒரு தொப்பி போட்டுக்கொண்டு. வன்னியில் சண்டை நடந்தபோது, சனத்தை இங்கே வாருங்கள், இங்கே ஒன்றும் செய்யாது என்று கூப்பிட்ட இடத்துக்கும் அந்தப் பெயர்தான். பிலோமினா மகனைக் கூட்டிக்கொண்டு அதற்குள்தான் போனார்.

மறுநாள் விடிய நான் வள்ளத்தடிக்குப் போனபோது அங்கே சந்தை கூடியிருந்தது. பாய், தலையணை, சட்டி, பெட்டி. பக்கத்து வளவுப் பீற்றர் தன் ஆட்டைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். மச்சாள் பிலோமினா ஏற்கெனவே வள்ளத்துக்குள், அந்தோனியாருக்குப் பக்கத்தில், தையல் மெசின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என் கதவைத் திறந்து பிள்ளைகளை உள்ளே இருத்தியிருந்தார்கள். கொண்டி உடைந்திருந்தது.

“என்ன பிலோமினா இது?”

“நீங்கள் போற இடத்துக்குத்தான் நாங்களும்.”

“நாங்கள் எங்கையடி போறம்?”

“மச்சாள், சும்மா இருங்கோ. ஒரு மாதமா அரிசி ஏத்திறியள், தண்ணி ஏத்திறியள். பலகை வரப்போகுதெண்டு உங்களுக்கு முந்தியே தெரியும். திட்டத்திலை இருக்கிறியள்தானே.”

“ஐயோ, உது சாதாளைக்கடி. சாதாளைக்குப் போட்ட பலகை.”

“சாதாளைக்கு நேவி ஏன் வந்து கிடங்கு கிண்டுது?” என்றார் பீற்றர். ஆடும் என்னைப் பார்த்தது.

இதற்குள் பீற்றர் சவிரியின் பக்கம் திரும்பி, “அண்ணை, காத்து எப்பிடி?” என்று கேட்டார். சவிரி கடலைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்லத் தெரியாத மனிதர். எதற்குக் கேட்கிறார்கள் என்றும் யோசிக்க மாட்டார். வானத்தைப் பார்த்து, கையைப் பிடித்துப் பார்த்து, “இப்ப சரியில்லை. மத்தியானத்துக்கிடையிலை கொண்டல் காத்து எழும்பும். எழும்பினா அக்கரைக்கு நேரோட்டம்,” என்றார்.

“கேட்டியளே,” என்றார் பிலோமினா எல்லோருக்கும்.

நான் என் மனிசனைப் பார்த்த பார்வையில் அவர் ஆட்டைத் தடவப் போய்விட்டார்.

வேலிப்பக்கம் பார்த்தேன். முகாம் வாசலில் ஆட்கள் நின்று இங்கே கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பெரியவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு புறப்படுவது தெரிந்தது. பாய்வள்ளம், மூட்டை முடிச்சு, பிள்ளை குட்டி. இதை ஒருவர் பார்த்தால் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். கள்ளமாக அக்கரைக்குப் போகிற கூட்டம். வள்ளம் பறிபோகும், சவிரியைப் பிடித்து ஏற்றுவார்கள், திரும்பி வந்து இன்னும் தகரம் சூடேறாத இந்தக் குடும்பங்கள் எல்லாம் மறுபடியும் ஏதாவது முகாமில் வரிசையில் நிற்கும். என் வளவைப் பற்றி இனி விதானையார் மேலே பார்க்கவும் மாட்டார்.

நான் பிலோமினாவிடம் குனிந்து, “இறங்கடி, நான் சொல்லுறதை நம்பு,” என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. “அங்கையும் நம்பித்தான் மச்சாள் போனனாங்கள்,” என்றார். “அங்கை பலகைகூட இருக்கேல்லை. வாயாலைதான் சொன்னவை.”

  என் தொண்டை கரை முழுக்கக் கேட்கும் என்று சம்பளம் வாங்கியவள் நான். ஆனால் அந்த இடத்தில் சொல்லை விட்டேன்.

வள்ளத்தில் ஏறிப் பாயின் கட்டை அவிழ்த்தேன். சவிரி, “என்னடியப்பா செய்யிறாய்?” என்றார். “பிடியுங்கோ,” என்றேன். பாயைச் சுருட்டி இருவருமாக இழுத்துக்கொண்டுபோய், வேலிக்கு நேர் முன்னால், என் முருங்கைக்கு எதிரே, வள்ளம் வலிக்கும் சவள் இரண்டை நட்டு அதன்மேல் விரித்துக் கட்டினேன். திரும்பிப் போய் மணற்பெட்டியோடு அடுப்பைத் தூக்கினேன். பிறகு அரிசி. பிறகு தண்ணீர். பிறகு கோழிக்கூடை.  பாய் இல்லாத வள்ளத்தில் யாரும் அக்கரைக்குப் போக முடியாது. அது வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கும். கடைசியில் அந்தோனியாரை எடுக்கப் போனேன். பிலோமினா படத்தைத் தானே எடுத்து என்னிடம் நீட்டினார். ஆனால் இறங்கவில்லை.

அடுப்பைப் பற்றவைத்துப் பெரிய சட்டியில் அரிசியைப் போட்டேன். அப்போது நேவி பெரியவர் வந்து சேர்ந்தார்.

“மொகத அம்மே மே?” என்றார். என்ன அம்மா இது என்று சிங்களத்தில் கேட்கிறார்.

“விழிப்புணர்வு,” என்றேன்.

அந்தச் சொல்லுக்கு நான் அன்றுதான் மரியாதை கொடுத்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார். பாய், தலையணையைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார்.

“இவளவு சாமான்?”

“நீளக் கூட்டம் சேர். எங்கடை ஆக்கள் படுத்துக்கொண்டுதான் கேப்பினம்.”

அவர் நம்பினாரா தெரியாது. நம்பாவிட்டால் எழுத்து வேலை கூடும் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு பாயின் நிழலுக்குள் வந்தார். நான் ஒரு கதிரை எடுத்துப் போட்டேன், அது பீற்றருடைய கதிரை, இந்தியாவுக்கு வர ஆயத்தமாக நின்ற கதிரை. அவர் இருந்ததும், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்:

“சேர், அந்தப் பலகை ஆற்றை? நேவியின்ரையோ?”

அவர் திரும்பிப் பார்த்தார். வாசிக்க முயன்றார், தமிழ் எழுத்து அவருக்கு என்னிலும் மோசம்.

“அபே நெமெய், அபே நெமெய். எங்கட இல்ல,” என்றார். “அது... தணகொள. அந்த ஜீப் மாத்தயா, ஜீப் சேர், அவரட தணகொள. புல். கடல்ல புல்.” சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “தணகொளவுக்கு ஒரு போர்ட்,” என்று பக்கத்தில் நின்ற பெடியனிடம் சொன்னார். அவனும் சிரித்தான்.

மனம் விட்டுச் சிரித்த சிரிப்பு. புல்லுக்குப் பலகை போட்ட ஒரு பைத்தியத்தைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அதை நடிக்க முடியாது. பீற்றர் முதலில் ஆட்டை அவிழ்த்தார். பிறகு ஒரு பிள்ளை வள்ளத்தால் இறங்கிற்று. நான் விடியத் தொடக்கம் இதையேதான் சொன்னேன், தமிழில், அக்காவாக, மச்சாளாக. நம்பவில்லை. வேலிக்கார மனிதன் சிரித்தவுடன் நம்பினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

கடைசியாகப் பிலோமினா இறங்கினார். நேரே அடுப்படிக்கு வந்து, சட்டியைத் திறந்து ஒரு பருக்கையை நசித்துப் பார்த்தார்.

“உப்புப் போடேல்லை,” என்றார்.

“நீ போடு,” என்றேன்.

பெரியவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது பலகையைக் காட்டி, பிரச்சினை என்றால் பிடுங்கிவிடுங்கள், எங்களுக்கும் பார்க்க ஒரு மாதிரித்தான் இருக்கிறது என்றார். பீற்றர் அவர் முதுகு மறையுமுன் பிடுங்கிவிட்டார்.

இரண்டு நாளில் சேர் வந்தார். கிடங்கைச் சுற்றி வந்தார்.

“பலகை எங்கே அம்மா?”

“பாதுகாப்பா வைச்சிருக்கிறம் சேர்.”

அவருக்கு நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை. மெல்ல மணலில் இருந்துவிட்டார். எனக்கு அவரில் அன்றுதான் ஒரு மதிப்பு வந்தது. “அப்படியென்றால் வேறு என்ன சொல் போடலாம்?” என்று கேட்டார். ‘இஞ்சை சாதாளை இருக்கு, வலை இழுக்காதேயுங்கோ’ என்று போடச் சொன்னேன். “இது ஒரு பெயர் மாதிரி இல்லையே,” என்றார். பெயர் இல்லாததுதான் நல்லது, பெயர் வைத்தால் அது எங்காவது போய் வேலை பார்க்கும் என்றேன். சவிரி உடைந்த சவள் ஒன்றில் அதை எழுதி நட்டார். பெரிய எழுத்தில், எல்லாம் ஒரே அளவில். இப்போது உங்கள் கந்தோரில் எட்டு நிறத்தில் பலகை அடிக்கிறீர்கள். நல்லது. ஒரு ஆளை வேலைக்கு எடுக்கும்போது, இதற்கு முன் எங்கே வேலை பார்த்தாய் என்று விசாரிக்கிறீர்கள்தானே. சொல்லையும் ஒருமுறை விசாரித்துவிட்டு எடுங்கள். நான் சொல்லித் தரக்கூடியது இவ்வளவுதான்.

அறிக்கையில், சமூகம் குடும்பம் குடும்பமாக, கால்நடைகளோடும், தானாகவே திரண்டு வந்து நாள் முழுவதும் கலந்துகொண்டதாகவும், கடற்படையினர் விருந்தில் பங்குபற்றியதாகவும் இருக்கிறது. ஒரு சொல் பொய்யில்லை. அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் அடுத்த திட்டத்துக்குக் காசு வந்தது, நீங்களும் வந்தீர்கள்.

வள்ளத்தில் நாங்கள் ஒருநாளும் குடியிருக்கவில்லை. பாய் கட்டிய இடத்தை நான் விடவில்லை. வேலிக்கு வெளியே, என் முருங்கையின் நிழல் பின்னேரங்களில் வந்து விழுகிற இடத்தில், அதன் கீழேயே இருந்துவிட்டோம். ஆனால் சாதாளைக் காவலுக்கு வள்ளம் போகவேண்டும், இருப்பது ஒரே ஒரு பாய். ஆகவே காலையில் கூரையைக் கழற்றிப் பாய்மரத்தில் ஏற்றுவோம். பின்னேரம் கரைக்கு வந்து பாய்மரத்திலிருந்து இறக்கிக் கூரையாகக் கட்டுவோம். பகலில் எங்களுக்கு வீடு இல்லை, இரவில் திட்டத்துக்கு வள்ளம் இல்லை. இரண்டு பக்கமும் சமமாக நடந்தது. அலுமாரிக் கதவைக் கொண்டுவந்து பாயின் முன்னால் இரண்டு கட்டையில் நிறுத்தி வைத்தேன். சுவர் இல்லை, கதவு மட்டும். நேவிப் பெடியன்கள் காவலுக்கு நடக்கும்போது அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஒருவன் ஒருநாள் தட்டியும் பார்த்தான்.

“ஆர் அது?” என்றேன் உள்ளேயிருந்து.

“சும்மா அம்மா,” என்று சொல்லிவிட்டு வெட்கத்தோடு போனான்.

பிறகு ஒரு மழைக்காலம் முடிந்தபின் வேலி பின்னுக்குப் போனது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் திரும்பி வந்துவிடும். நேராகப் போய் முருங்கைக்காய் பிடுங்கினேன். விதானையார் வந்து, “இப்ப நீங்கள் காணியிலை இருக்கிறியள் அம்மா,” என்று எனக்கு அறிவித்தார். வீடும் வந்தது. பூட்டுகிற கதவு, மூன்று கொண்டி. மச்சாள் பிலோமினா கிழமையில் நாலு நாள் அந்தக் கதவால் வந்து என் கறியில் உப்புப் பார்க்கிறார்.

பலகை என்ன ஆயிற்று என்று சில பேர் கேட்பார்கள். நல்ல தேக்குப் பலகை, வீணாக்க முடியுமா. கோழிக்கூட்டுக்குக் கதவாகப் போட்டேன், எழுத்து உள்பக்கம் இருக்கும்படியாக. இந்தக் கரையில் அந்தச் சொல் சொன்னபடி நடந்தது அந்தக் கூட்டுக்குள் மட்டும்தான். அதுவும், கீரி கீழால் தோண்டும்வரைக்கும்தான்.